சிவப்பு மசி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நீ உளவியல் ஆலோசகரிடம் போய்வருவதை உன் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் எழுதிவரச் சொன்னதை முடிக்காததால் அவர் முகத்தில் விழிக்கக் கூசி, கடைசி இரண்டு அமர்வுகளையும் தள்ளிப்போட்டுவிட்டாய் என்பதையும் அவனிடமே கேட்டறிந்தேன். எழுதாவிட்டாலும் போ. அதைச் சொல்லவே இக்கடிதம்.

பதினான்கு பேருக்கு மேலதிகாரியாக இருப்பவள் ஒரு நோட்டுப்புத்தகத்துக்கு அஞ்சுவதா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்றே வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தவன் நான். சிரோவா, பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்த பிறகே, ஒரு வேலையைத் தொடும்போது எழும் கலக்கத்தை அப்போதைக்கு அடக்கத்தான் மனம் அதை ஒத்திவைக்கிறது என்று விளங்கியது. ஒத்திவைத்ததும் கிடைக்கும் ஆறுதல், மறுமுறையும் ஒத்திவைக்கப் பழக்கிவிடுகிறது. அறிக்கையின் முதல் பத்தியை மூன்று இரவுகள் மாற்றி மாற்றி எழுதிவிட்டு, இரண்டாம் பத்தியைக் கெடு முடியும் நாளன்று காலையில்தான் தொட்டதாக நீ ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன்.

ஒரு மின்னஞ்சலை ஒரே ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அனுப்புமுன் என்ன விபரீதம் நேருமென்று அஞ்சுகிறாயோ அதை எழுதி வைத்து, பின்னர் உண்மையில் நேர்ந்ததை அதனருகே குறிக்க வேண்டும். இதுதானே உனக்குத் தந்த பயிற்சி? இதையும் பிழையறச் செய்ய நினைத்தால் சிகிச்சையே இன்னொரு தேர்வாகிவிடாதா? செய்ய முடியாமற்போனதுதான் அந்த ஆலோசகர் முதலில் அறிய வேண்டிய செய்தி. காய்ச்சல் தணிந்த பிறகா மருத்துவரிடம் போவார்கள்?

இன்னொன்றையும் படித்தேன். ராண்டி ஃப்ராஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட, எதிலும் ஒரு பிழையும் கூடாது என்ற இந்தப் பரிபூரணப் பிடிவாதத்தை அளக்கும் அளவுகோலில் 35 கூற்றுகள், 6 பிரிவுகள். தவறு நேருமோ என்ற கவலை, செய்ததில் ஐயம் என்று ஒவ்வொன்றாக உன்னைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தவன், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் கண்டனம் என்ற இரண்டு பிரிவுகளில் நின்றுவிட்டேன்.

விடுதியிலிருந்து நீ எழுதிய முதல் கடிதத்தில் ‘அம்மாவை பார்க்க வேண்டும்’ என்ற இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதைச் சிவப்பு மசியால் சுழித்து, மொத்தம் ஏழு பிழைகள் என்று அடியில் எழுதி உனக்கே திருப்பியனுப்பினேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒரு செய்தியும் இல்லை. அதை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். பெரியப்பாகூட ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அது உனக்கும் நினைவிருக்கும்.

இதை ஆலோசகரிடம் சொல்வதானால் தாராளமாகச் சொல். அப்பாவைக் குறை சொல்வதாகுமே என்று தயங்காதே. ஆனாலும் மூன்று வாரமாகத் தொலைபேசியை எடுக்காமலிருப்பது எனக்கு வருத்தந்தான்; அதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த அமர்வு வியாழக்கிழமை என்று தம்பி சொன்னான். நோட்டு வெறுமையாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போ. இரவில் நேரத்தோடு படு. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு சொல் எழுது. அவள் முழங்காலைச் சாக்குச் சொல்லாமல் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா