நீ விழுங்கிய மூன்று தலைமுறை

திருகோணமலை
மார்கழி 9

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "மனிசி இல்லாத வீட்டில் நத்தார் எப்படியடா? வேதம் வாசித்தால் உண்மையாகவே ஆறுதல் வருகிறதா, இல்லை வாய்ப்பழக்கத்தில் சொல்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். வாய்ப்பழக்கத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. அதுதான் சுணக்கம்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. மாரி கொட்டுகிறது, கடல் மோசம், வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஒரு காய்ந்த நாள் கிடைக்கவில்லை. கேற்றைப் பூட்ட மறந்த ஒரு இரவில் மான்கள் உள்ளே வந்து, அவள் வைத்த செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டன. வெளியூர்க்காரர் நின்று படம் எடுக்கிற அதே மான்கள்தான்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை கேக் செய்முறைத் துண்டைத் தேடினேன். மகள் இம்முறை தான் செய்வதாகச் சொல்லியிருந்தாள். அலுமாரியெல்லாம் கிளறி, கடைசியில் மனிசியின் வேதப்புத்தகத்துக்குள் கிடைத்தது. எண்ணெய் ஊறிய கொப்பித்தாள். ரவை, கஜு, பூசணித் தோசி, முட்டை 25. அடியில், "பிளம்ஸ் கார்த்திகை முதற்கிழமையே ஊறப்போடவும்" என்று இரண்டு கோடு கீறியிருந்தாள். கார்த்திகை போய்விட்டது. நின்றபடியே கொஞ்சம் அழுதேன், உனக்குச் சொல்ல என்ன வெட்கம்.

துண்டு இருந்த பக்கம் மத்தேயு முதலாம் அதிகாரம். "பெற்றான், பெற்றான்" என்று போகுமே, இயேசுவின் வம்ச வரலாறு, அதே அட்டவணை. ஞாயிறு பாடசாலையில் மூச்சு விடாமல் ஒப்புவிக்கப் போய், நீ சாதோக்கிலிருந்து நேரே மாத்தானுக்குத் தாவி மூன்று தலைமுறையை விழுங்கினாயே, ஞாபகமா? அன்றிரவு அதை முதல்முறையாக மெதுவாக வாசித்தேன்.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு செருபாபேல் வருகிறான். அவனை ஆகாய், சகரியா தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பார்த்திருக்கிறோம். அவனுக்குப் பிறகு அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. ஒன்பது பேர், ஏறக்குறைய 500 வருடம். இவர்கள் என்ன செய்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை. தாவீதின் சிங்காசனம் இல்லை, அந்த வம்சத்தில் ஒரு அரசனும் இல்லை. பிள்ளையைப் பெற்றார்கள், பெயர் வைத்தார்கள், செத்தார்கள். அவ்வளவுதான்.

தாவீதின் தகப்பன் ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வரும் என்று ஏசாயா சொன்னதை நாம் கரோல் இரவுகளில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! நான் அதைச் செவ்வரத்தை துளிர்ப்பது போலத்தான் நினைத்திருந்தேன். மான் கடித்தது இப்போதே துளிர் விட்டிருக்கிறது. அது அதன் குணம், அதற்கு நம்பிக்கை தேவையில்லை. ஷெல் பட்டு வட்டுப் போன பனைகளை நாம் பார்த்திருக்கிறோமே, அவற்றில் ஒன்றாவது துளிர்த்ததா? அந்த ஒன்பது பேருக்கும் தாவீதின் வீடு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் வேர் அவர்களுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கே அது தெரியாது.

ஆறுதல் வருகிறதா என்று கேட்டாய். சில நாள் வருகிறது, சில நாள் வெறும் எழுத்துதான். ஆனால் ரோமர் 15:4ஐப் பார். வேதத்தால் வருவது என்று பவுல் முதலில் எழுதுவது பொறுமையை. அப்புறம் ஆறுதல். அதற்கும் பிறகுதான் நம்பிக்கை. இத்தனை வயதுக்கு இந்த வரிசை என் கண்ணில் படவில்லை. நான் இப்போது முதலாவதில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்.

2004க்குப் பிறகு 26ஆம் திகதி காலையில் நான் கடற்கரைப் பக்கம் போவதில்லை, உனக்குத் தெரியும். இம்முறை மகள் கூட்டிப்போகிறேன் என்கிறாள். பார்ப்போம்.

24 இரவு ஆராதனையில் வாசிப்பு எனக்கு. போதகரிடம் கேட்டு அந்த அட்டவணையையே எடுத்திருக்கிறேன். சனம் கொட்டாவி விடும், விடட்டும். சாதோக்குக்கு வந்ததும் ஒருதரம் மூச்சு விட்டு, ஆகீம், எலியூத், எலெயாசார் மூவரையும் உன் கணக்கில் வாசிப்பேன். பிளம்ஸ் நேற்றுத்தான் ஊறப்போட்டது. கேக் எப்படி வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் பழைய வாங்குக்காரன்