விஜிக்கு, உன் கோழி விஷயமா

விஜி,

உன் மெசேஜ் பாத்து சிரிப்பு தாங்கல, கோழிக்கு பைத்தியம் புடிச்சிருச்சான்னு கேக்குறியே. ஒண்ணும் இல்லடி, அடைக்கு உக்காந்திருக்கு, குஞ்சு பொரிக்கணும்னு ஆசை வந்திருச்சு, அவ்ளோதான். நாட்டுக்கோழி ஒரு பத்து பதினஞ்சு முட்டை போட்டதும் ப்ரோலாக்டின் ஏறிரும், நமக்கு புள்ள பெத்தப்ப பால் சுரக்க வெச்சுதே, அதே ஹார்மோன்தான். அது ஏறுச்சுன்னா முட்டை போடுறது நின்னுரும், கையக் கொண்டு போனா சிலுப்பிட்டு உறுமும், அடியில முட்டையே இல்லாட்டியும் எந்திரிக்காது.

உன் மாமியார் சொன்ன மாதிரி தண்ணில முக்கி எல்லாம் எடுக்காத, பாவம். எங்க அம்மாயி கோழி மூக்குல எறக சொருகி விடும், அதுவும் வேண்டாம். அடை தெளியணும்னா கம்பி வலை போட்ட கூண்ட கொஞ்சம் தூக்கி வெச்சு, தீனி தண்ணியோட உள்ள விட்டுரு, அடியில காத்து பட்டு வயித்துச்சூடு எறங்குனா மூணு நாலு நாள்ல சரியாயிரும்.

ஆனா ஏன்டி தெளிய வெக்கணும்? முட்டை வெச்சு விடு. கடை முட்டைய வெச்சுராத, நாமக்கல் பண்ணைங்கள்ல சேவலே விடமாட்டாங்க, 21 நாள் காத்தாலும் கூமுட்டைதான். அந்த ஒயிட் லெகார்ன் வருசத்துக்கு 300 முட்டை போடுதுன்னா, அடை உக்காராததுங்களா பாத்துப் பாத்து தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்ததும் ஒரு காரணம். பண்ணைக்காரனுக்கு அடை நஷ்டம், நம்மள மாதிரி நாலு கோழி வெச்சிருக்கவங்களுக்கு அதுதான் லாபம், கரண்டும் வேண்டாம் இன்குபேட்டரும் வேண்டாம்.

என் சிறுவிடை, அதான் அந்த சின்ன நாட்டுக்கோழி, இப்ப அடையிலதான் இருக்கா. நெஞ்செறக தானே பிச்சுப் போட்டுட்டு, வெறுந்தோலு முட்டைல படுற மாதிரி உக்காந்திருக்கா. ஒரு நாளைக்கு ஒரு தடவ எந்திரிச்சு, அவசர அவசரமா கம்பு பொறுக்கித் தின்னு, வீடே நாறுற மாதிரி ஒரு எச்சம் போட்டுட்டு ஓடிருவா. உக்காந்ததும் தாடைய முட்டைக்கு அந்தப் பக்கம் போட்டு ஒண்ணொண்ணா தன் பக்கமா இழுத்துத் திருப்புவா, பாத்துட்டே இருக்கலாம். ஏழாம் நாள் ராத்திரி போன் டார்ச்ச முட்டையோட தடிச்ச பக்கம் வெச்சுப் பாரு, சிலந்தி கால் விரிச்ச மாதிரி செவப்பு நரம்பு ஓடும், ஓடாதத எடுத்துரு. கடைசி ரெண்டு நாள் முட்டைக்குள்ளயே குஞ்சு கத்தும், இவ வெளிய இருந்து க்ளுக் க்ளுக்னு பதில் சொல்லுவா.

பொரிச்ச உடனே தீனி இல்லையேன்னு பதறாத, குஞ்சு வயித்துக்குள்ள இழுத்துட்ட மஞ்சக்கரு ஒரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க முதல் வாரத்துலயே கண்ணுல சொட்டு மருந்து விட்டுரணும், அது மட்டும் தள்ளிப் போடாத. எங்க ஏற்காடு மலைக் குளிருக்கு குஞ்சுங்க அவ வயித்தடிய விட்டு நகராது, உங்க சேலம் வெயில்ல அந்தக் கவலை கம்மி, பருந்துக்கு மட்டும் கொடாப்பு, அதான் கவுக்குற கூடை, போட்டு மூடு.

இன்னொண்ணு, தாய்க்கோழி பாசம்னு எல்லாரும் உருகுறாங்கல்ல, ரெண்டு மாசம் போச்சுன்னா அவளே கொத்தித் தொரத்துவா, தீனிக்கு வந்தா தலையிலயே போடுவா. எனக்கு அவகிட்ட புடிச்சதே அதுதான். இங்க எம் பையன் கோயம்புத்தூர்ல வேலைக்குப் போயும் நீல சட்டை எங்கம்மா வெச்சேன்னு போன் பண்றான்.

சேவல் கூட விட்ட கோழியோட முட்டை என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கெழம வந்தா தரேன். லீ பஜார் பக்கம் போனா ரெண்டு கிலோ கம்பு வாங்கிட்டு வா, இங்க மலை மேல வெல கட்டுப்படியாகல.

சுமதி