ஸ்கோப்பை இறுக்குவதில் அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

துப்பாக்கி சுடுதல் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ரைஃபிள் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஆடாமலிருக்க, அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் ரிங்குகளின் ஸ்க்ரூக்களை ‘முடிந்த மட்டும் இறுக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது ஆலன் கீயை எடுத்தால் கெடப்போவது ஸ்கோப்தான்.

பெரும்பாலான ஸ்கோப்புகளின் உடல் 25.4 அல்லது 30 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய அலுமினியக் குழாய். ரிங் அதை நசுக்கினால் உள்ளே குறுக்குக்கோட்டை நகர்த்தும் பாகம் சிக்கிக்கொள்ளும். குறியைத் திருத்தும் குமிழை நான்கு கிளிக் திருப்பினாலும் குண்டு விழும் இடம் அசையாது; இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு திடீரென்று நகரும். ரிங் மூடியின் ஸ்க்ரூக்களுக்கு வழக்கமாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கையால் உத்தேசமாக முறுக்கினால் இந்த அளவை எளிதில் தாண்டிவிடுவோம். முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, மூடியின் இரு பக்க இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்கோப் நழுவுவதற்குப் பல நேரம் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேஸ் (ரிங்குகளைத் தாங்கத் துப்பாக்கியில் ஸ்க்ரூ வைத்துப் பொருத்தும் தகடு), ஸ்க்ரூ துளைகள், ரிங்கின் உள்பக்கம் எல்லாவற்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு பேஸ் ஸ்க்ரூக்களுக்கு மட்டும். மூடி ஸ்க்ரூக்களில் அது எண்ணெய் போலவே வழுக்கும். அதே முறுக்கு விசையில் பிடி கூடிக் குழாய் நசுங்கும்.

குறுக்குப் பள்ளங்கள் வரிசையாக உள்ள பேஸான பிக்கட்டினி ரெயிலில் ரிங்கைக் குழல் முனைப்பக்கம் தள்ளி, அதன் குறுக்குப் போல்ட்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டியபடி வைத்து இறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும்; முட்டாமல் விட்ட இடைவெளி முழுவதும் அது முன்னே நகரும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் கதையே வேறு. பிஸ்டன் போய் முட்டும்போது துப்பாக்கி முன்பக்கமும் குலுங்குவதால் ஸ்கோப் பின்னால் ஊரும். அதற்குப் பின்பக்கம் நகர்வைத் தடுக்கும் ‘ஸ்டாப் பின்’ என்ற ஆணி வேண்டும்.

நகர்வு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை. 100 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு ரிங்குகளில் ஒன்று 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். வேலை முடிந்ததும் ரிங்கிலிருந்து குழாய்வரை பெயிண்டால் மெல்லிய கோடு இழுத்து வைப்பது நல்லது. ரிங்குக்கும் ரெயிலுக்கும் இடையே இன்னொன்று. குண்டு இடம் மாறி விழ ஆரம்பித்தால் குமிழைத் தொடுமுன் கோடுகளைப் பார்க்கலாம். முதல் கோடு விலகியிருந்தால் குழாய் நழுவியிருக்கிறது, இரண்டாவது விலகியிருந்தால் ரிங். இரண்டும் நேராக இருந்தும் குண்டு அலைந்தால் பேஸ் ஸ்க்ரூக்களைச் சோதிக்க வேண்டும். அவை ஸ்கோப்புக்கு அடியில் மறைந்திருப்பதால் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்