பென்சிலால் எழுதிக் கொடுத்த டீச்சருக்கும், மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நம் சபை இரண்டாக உடைந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், சாவி யாரிடம் இருந்தது, இன்றைக்கும் யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் மறுபடி கிளற எனக்கு மனமில்லை. போன ஞாயிறு நான் திருவிருந்தில் பங்கெடுத்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. ஆறப்போட்டு எழுதினால் எல்லாவற்றையும் பூசி மெழுகி அழகாக்கிவிடுவேன் என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ராத்திரி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுத்த நண்பர். நான் வராத வாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், வந்த வாரத்தில் “வாங்க” என்று மட்டும் சொல்லிப் பாட்டுப்புத்தகத்தை நீட்டியவர்கள். “இதற்கு எனக்கே பதில் தெரியவில்லை” என்று பிரசங்க மேடையிலிருந்தே சொன்ன போதகர். பிரிந்து போன பிறகும், அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போன அந்தப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் என் கடுகடுப்பைச் சகித்துக்கொண்டவர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை. போட்டால் யாராவது விட்டுப்போவார்கள். அதோடு, இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணவும் ஆள் இருக்கிறார்கள்.

டீச்சர், இனி உங்களிடம்.

சபை உடைந்தது வலித்தது, சரி. அதைவிட என்னை ஆட்டியது அதன் பிறகு வந்த அழைப்புகள். சபையை விட்டு ஒருவன் தள்ளி நிற்கிறான் என்று தெரிந்தால் எத்தனை பேருக்கு அக்கறை வருகிறது! அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வருவது எங்களுடையதுதான் என்றார் ஒருவர். வேதம் மட்டும் போதும், மற்றதெல்லாம் மனுஷர் கற்பனை என்றார் இன்னொருவர். அபிஷேகம் இறங்குகிற இடத்தைப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். “எங்களுக்குப் பிரிவே கிடையாது, நாங்கள் கிறிஸ்துவை மட்டும் சேர்ந்தவர்கள்” என்று சொன்னவர்களும் உண்டு. (பவுல் கொரிந்து சபையில் இருந்த கட்சிகளைப் பட்டியல் போடும்போது, பவுல், அப்பொல்லோ, கேபா கட்சிகளோடு “நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்” என்பதையும் அதே வரிசையில்தான் வைக்கிறார். அவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு அப்போது தெம்பு இல்லை.) ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. எல்லோர் கையிலும் வசனம் இருந்தது.

அதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், இடது பக்கங்களில் மட்டும் எழுதி வைத்தேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா. முழுக்கா, தெளிப்பா. அந்நியபாஷை வராதவனுக்கு ஆவியின் நிறைவு இல்லையா. திருவிருந்தின் அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் சரீரமா, நினைவுகூருதல் மட்டுமா. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே குறித்துவிட்டாரா, ரோமில் இருக்கிற போப்பின் அதிகாரம், ஓய்வுநாள் சனியா ஞாயிறா. ஒவ்வொன்றின் கீழும் யார் என்ன சொல்கிறார்கள், எந்த வசனத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று. எழுத எழுத ஒரே கேள்விதான் நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரே வேதத்தை வாசித்து, ஒரே ஆவியானவரிடம் வழி கேட்டு ஜெபித்து எழுந்திருக்கிறவர்கள் இப்படி ஆளுக்கொரு திசையில் போனால், நான் எதன்மேல் காலை ஊன்றுவது?

அந்த நோட்டை உங்களிடம் நீட்டியபோது இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தேன்: வாக்குவாதம், அல்லது அழைப்பு. நீங்கள் வேறு சபை. ஞானஸ்நானத்தில் என் சபைக்கு நேரெதிர். நீங்களோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, “இதை ஒரு ராத்திரி வச்சுக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் திரும்பி வந்த நோட்டில் என் கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் காலியாக விட்டிருந்த முதல் வலது பக்கத்தில் நிசேயா விசுவாசப் பிரமாணம், அதாவது பழைய சபை எழுதிவைத்த விசுவாச அறிக்கை, வரிவரியாக இருந்தது. பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில். அடியில் ஒரு குறிப்பு: “உங்கள் பட்டியலில் இருக்கிறவர்களில் எந்த வரியை யார் மறுக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டு உங்களுடையது, வேண்டாம் என்றால் அழித்துவிடலாம்.”

உட்கார்ந்து பார்த்தேன். வானத்தையும் பூமியையும் படைத்த பிதா: மறுப்பவர் இல்லை. நமக்காக மனிதனானார், பாடுபட்டார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தார், மறுபடி வருவார்: இல்லை. அந்தப் பிரமாணத்தை ஆராதனையில் ஒருநாளும் சொல்லாத சபைக்காரர்கூட இந்த வரிகளைத்தான் பிரசங்கிக்கிறார். பரிசுத்த ஆவியானவர் பிதாவினிடத்திலிருந்து மட்டுமல்ல, “குமாரனிடத்திலிருந்தும்” புறப்படுகிறார் என்ற இடத்தை நீங்கள் வட்டமிட்டிருந்தீர்கள். ஓரத்தில், “மேற்கத்திய சபை பின்னால் சேர்த்தது. 1054-இல் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பிரிந்த பிளவுக்கு இதுவும் ஒரு காரணம். 1965-இல் இரு பக்கமும் பழைய சாபங்களை விலக்கிக்கொண்டார்கள். பிரிவு இன்னும் இருக்கிறது.” திரித்துவத்தையே ஏற்காத ஒரு கூட்டத்தாரும் என் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரில், “இந்த வேறுபாடு வேறு வகை. இதைச் சின்னதாக்க வேண்டாம்” என்று எழுதியிருந்தீர்கள்.

எல்லாம் ஒன்றுதான், எங்கே போனாலும் சாமி ஒன்றுதான் என்று நீங்கள் தடவிக் கொடுத்திருந்தால் நான் அன்றைக்கே நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். அந்த ஆறுதலும் எனக்கு நிறையக் கிடைத்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தப் பிரமாணமே அமைதியில் பிறந்ததல்ல என்று நீங்கள்தான் சொன்னீர்கள். 325-இல் நிசேயாவில் எழுதியும் சண்டை ஓயவில்லை. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் இப்போது நாம் சொல்கிற உருவம் வந்தது. நடுவில், அந்தப் பிரமாணத்துக்காக நின்ற அத்தனாசியு என்ற ஆயர் ஐந்து தடவை நாடுகடத்தப்பட்டார். இதைக் கேட்டபோது எனக்குத் தைரியம் வந்தது. உண்மை இருக்கிற இடத்தில் சண்டை இருக்காது என்று ஒரு விதியும் இல்லை. சண்டை சத்தத்தைக் கேட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிட வேண்டியதும் இல்லை.

திருவிருந்து பற்றி விடாமல் கேட்டபோது மார்பர்க் கதையைச் சொன்னீர்கள். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் ஊரில், சபைச் சீர்திருத்தக்காரர்களான லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசி, 15 விசுவாசக் கூற்றுகளில் 14-இல் ஒத்துப்போனார்கள். கடைசியில், அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாக இருக்கின்றனவா என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். “அது சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பதினாலை யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கீங்களா?” என்றீர்கள். கேட்டதில்லை, டீச்சர்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “உங்க சபைக்கே வந்துடட்டுமா?”

“எப்ப வேணும்னாலும் வாங்க. ஆனா இந்தக் கோபத்தோட வராதீங்க. எங்க சபையும் ஒருதரம் உடைஞ்சதுதான். முதல்ல உங்க இடத்துல போய் உட்காருங்க. அதுக்கப்புறமும் வரணும்னு தோணினா, அப்ப பேசலாம்.”

இந்த மடலை எழுத வைத்தது இந்தப் பதில்தான். ஒரு ஆத்துமா கூடிற்று என்று அடுத்த ஞாயிறே நீங்கள் சாட்சி சொல்லியிருக்கலாம். நான் அந்த அளவுக்குக் கனிந்துதான் இருந்தேன். உங்கள் சபை உபதேசத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருந்ததால் விட்டீர்கள் என்றும் சொல்ல முடியாது. நேராகவே கேட்டேன். “எங்க போதனைதான் சரின்னு நம்புறேன். இல்லாட்டி அங்க ஏன் இருக்கப் போறேன்? அதுக்காக உங்க ஆண்டவர் வேற ஆண்டவர்னு சொல்ல மாட்டேன்” என்றீர்கள். இவ்வளவு உறுதியாக நம்புகிற ஒருவர் என்னை இழுக்காமல் விட்டதில்தான் எனக்குப் பிடிமானம் கிடைத்தது. மற்றவர்கள் கொடுத்த வாதங்களில் பாதி மறந்துவிட்டது.

கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. இடது பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன. சில தீராமலே போகும். சில நூற்றாண்டுகள் கழித்துக் கொஞ்சம் நெகிழும்போலிருக்கிறது. பாவியான மனுஷன் தேவனுக்கு முன் எப்படி நீதிமானாக்கப்படுகிறான் என்பதைப் பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 ஆயிற்று. அதுவரை விசுவாசிக்காமல் காத்திருக்க முடியாதே. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று, மகனைச் சுகமாக்கும்படி இயேசுவிடம் கொண்டுவந்த அந்தத் தகப்பன் ஒரே மூச்சில் சொன்னானே, இப்போதைக்கு என் ஜெபமும் அதுதான்.

அந்தப் பக்கம் போன என் சிநேகிதர்களுக்கும் ஒரு வார்த்தை. பவுலும் பர்னபாவும், மாற்குவை ஊழியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பார்த்தால், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் அதே பவுல். நடுவில் யார் யாரிடம் போய்ப் பேசினார்கள் என்று வேதத்தில் இல்லை. நம் விஷயத்தில் யாராவது போய்ப் பேசித்தான் ஆகவேண்டும். நான் வருகிறேன். கதவைத் திறந்தால் போதும், கட்டிட விவகாரத்தை எடுக்க மாட்டேன்.

நீங்கள் எல்லோரும் சாட்சியாக இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். கலங்கிப்போய் யாராவது என்னிடம் வந்தால், “எங்கள் சபைக்கு வாங்க” என்பது என் முதல் வார்த்தையாக இருக்காது.

டீச்சர், பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லோரும் அந்த ராத்திரியே ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16-இல் இருக்கிறதே, அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா இல்லையா என்று உங்களோடு ஒரு சண்டை பாக்கி. சனிக்கிழமை நோட்டோடு வருகிறேன்.