எடைக்காக எடுத்ததா, விலைக்காக எடுத்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ட்ரோன்களில் இருந்த வசதிகள் புதியவற்றில் காணாமல் போவதை, 'காசு மிச்சம் பிடிக்கும் வேலை' என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. வாங்குகிறவருக்கு அது போதாது. எடைக்காக எடுத்த பாகம் திரும்பி வராது. மென்பொருளில் பூட்டி வைத்ததை நிறுவனம் நினைத்தால் நாளைக்கே திறக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் எடை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை 'நானோ' வகை. அதற்குப் பைலட் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவோர் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. சீன நிறுவனமான டிஜேஐயின் மினி வரிசை ட்ரோன்கள் 250 கிராமுக்குள் நிற்கப் பார்ப்பது இந்தக் கோட்டுக்காகத்தான். பேட்டரி, நான்கு மோட்டார், கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல், கேமரா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றால், அசையும் பாகங்கள்தான் முதலில் கழியும். அதே நிறுவனத்தின் பெரிய ட்ரோனான மேவிக் 2 ப்ரோவில், ஒளி நுழையும் லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 முதல் எஃப் 11 வரை மாற்றலாம் (எண் கூடினால் துவாரம் சிறிது). மினி 3 ப்ரோவில் எஃப் 1.7 மட்டும்தான்.

இதன் விளைவு உச்சிவெயிலில் வீடியோ எடுக்கும்போது தெரியும். ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100-இல் எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/100 வினாடி திறந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அதே வெளிச்சத்தில் எஃப் 1.7-க்கு ஷட்டர் 1/8,800 வினாடிக்கு அருகில் போய்விடும். 30 ஃப்ரேம் வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய 1/60 வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 150 மடங்கு ஒளியைக் குறைக்க வேண்டும், அதாவது ஒளியை 128-இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி 128 ஃபில்டர். எஃப் 11 வரை மூட முடிந்த கேமராவுக்கு என்டி 4 போதும். மேகம் வந்து வெளிச்சம் குறைந்தால் பழைய ட்ரோனில் விரலால் சரிசெய்யலாம். புதியதைத் தரையிறக்கி ஃபில்டரை மாற்ற வேண்டும். கனமான மலிவு ஃபில்டரை மாட்டினால் கிம்பல் சமநிலை கெட்டு, திரையில் மோட்டார் ஓவர்லோட் எச்சரிக்கை வரும். இது எடைக்காகக் கொடுத்த விலை. இதில் நிறுவனத்தின்மீது குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் எடையையே காரணம் காட்ட முடியாது. மினி 3 ப்ரோவில் முன், பின், கீழ் என மூன்று பக்கமும் தடை உணரும் சென்சார் உண்டு. மினி 3-இல் கீழே மட்டும்தான். இரண்டுமே 249 கிராமுக்குள். சாதாரண பேட்டரியும் ஒன்றே. மினி 3 நான்கு நிமிடம் கூடுதலாகப் பறக்கிறது (38-க்கு 34) என்பது உண்மைதான். ஆனாலும் சென்சார் போனது விலைப் படியைப் பிரிப்பதற்காக. மரக்கிளை, மின்கம்பி நடுவே பறக்கவிடும் புதியவர்களுக்குத்தான் அந்தச் சென்சார் அதிகம் தேவை. அவர்கள் வாங்கும் மலிவு மாடலில்தான் அது இல்லை.

ஷட்டர் கதையும் இதுவே. 2016-இல் வந்த டிஜேஐ ஃபேன்டம் 4 ப்ரோவில் மெக்கானிக்கல் ஷட்டர், அதாவது திரைபோல் திறந்து மூடும் பாகம், இருந்தது. 2018-இல் வந்த மேவிக் 2 ப்ரோவில் இல்லை. மேவிக் 3-இலும் இல்லை. ஆனால் தொழில்முறைப் பயனர்களுக்கான மேவிக் 3 எண்டர்பிரைசில் திரும்பி வந்தது. கல்யாண வீடியோவுக்கு இது பொருட்டில்லை. நில அளவைக்குப் பெரிய விஷயம். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாக வாசிக்கிறது. முழுப்படத்தை வாசிக்க 1/30 வினாடி ஆகிறது, ட்ரோன் வினாடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வையுங்கள்: முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 33 செ.மீ. நகர்ந்துவிடும். தரையில் ஒரு பிக்சல் 2.5 செ.மீ. என்றால் 13 பிக்சல் சாய்வு. வேகத்தைப் பாதியாக்கினால் சாய்வும் பாதி. வரைபட மென்பொருளில் இந்தச் சாய்வைச் சரிசெய்யும் 'ரோலிங் ஷட்டர்' திருத்தத்தை டிக் செய்ய மறந்தால் வரப்பு கோணலாக விழும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மென்பொருள் பூட்டின் மீது. 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த மேவிக் 3-இல், முன்கூட்டியே குறித்த புள்ளிகள் வழியே தானாகப் பறக்கும் வேபாயிண்ட் வசதி இல்லை. பின்னர் ஃபர்ம்வேரில் (ட்ரோனின் உள் மென்பொருளில்) வந்தது. ஒரு திருகுகூட மாறவில்லை. மூன்றாம் தரப்புச் செயலிகள் இணைவதற்கான எஸ்டிகே, எண்டர்பிரைஸ் மாடலுக்கு உண்டு, சாதாரண மேவிக் 3-க்கு இல்லை. பழைய ட்ரோனில் தானியங்கிப் பாதை போட்டு வயலை அளந்தவர், புதியதை வாங்கிய பிறகுதான் தன் செயலி அதோடு பேசாது என்று தெரிந்துகொள்கிறார்.

சட்டத்துக்காக விடுபடுவதும் உண்டு: மினி 3 ப்ரோவை 47 நிமிடம் பறக்க வைக்கும் பெரிய பேட்டரி ஐரோப்பாவில் விற்கப்படவில்லை, மாட்டினால் எடை 250-ஐத் தாண்டும் என்பதால்.

இனி ட்ரோன் விமர்சனம் வெளியிடும்போது, இல்லாத ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில் 'பாகமே இல்லை' அல்லது 'மென்பொருளில் இல்லை' என்று குறிப்பிடுங்கள். எஸ்டிகே ஆதரவு உண்டா என்பதைத் தனி வரியில் போடுங்கள். மினி வகைக்கு, பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் எல்லாம் மாட்டி நகைத் தராசில் வைத்த எடையையும் அச்சிடுங்கள். அட்டையில் 249 என்று போட்ட ட்ரோன், ப்ரொப்பல்லரைச் சுற்றிய காப்பு வளையத்தை மாட்டிய நிமிடமே நானோ வகையை விட்டு வெளியே போய்விடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்