மீன் எண்ணெய் டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பலரும் இதயத்துக்கு நல்லதென்று மீன் எண்ணெய் கேப்சூலை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்குகிறார்கள். டப்பாவின் முன்புறம் 1000 மில்லிகிராம் என்றிருக்கும். பின்புறம் பார்த்தால், இதயத்துக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 தான் பெரும்பாலும் இருக்கும். கணக்கில் வருவது அந்த 300 மட்டுமே. போதாதென்று தாமாகவே நாலைந்து விழுங்குவது ஆபத்து: அளவு கூடினால் இதயத் துடிப்பு சீர்கெடலாம். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தக் கசிவு கூடலாம். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ அதிகம் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒரு கேப்சூலை வெட்டி முகருங்கள். காறல் வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள். நோயில்லாதவர்களுக்கு வாரம் இருமுறை சாளை (மத்தி) மீன் குழம்பே போதும். பொரிக்க வேண்டாம்.

– ஒரு மருந்தாளுநர், குழித்துறை