கில்ட் பற்றிக் கொஞ்சம் படித்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். தம்பி பாஸ். மாடி வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. குளிரில் காதை மூடிக்கொள்.

ஸ்காட்லாந்தில் நீ போய்வந்த பிரேமார் விளையாட்டு விழாப் படங்களை அப்பா டிவியில் போட்டுக் காட்டினார். விக்டோரியா ராணியே 1848இல் போய்ப் பார்த்த கூட்டமாமே! ஆறு மீட்டர் மரத்தை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு ஓடி எறிகிறார்கள், ஆனால் எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்பது கணக்கே இல்லையாம். தலைகீழாகப் புரண்டு, எறிந்தவனுக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டு விழவேண்டுமாம்.

அதில் ஒரு படத்தில் உன் பக்கத்தில் யாரோ அந்த ஊர் ஆண்கள் கட்டும் பாவாடை மாதிரியான கில்ட் கட்டிக்கொண்டு நிற்கிறார். பச்சைக் கட்டம், கம்பளி சாக்ஸ், இடது முட்டியில் ஒரு தழும்பு. இடுப்புக்கு மேலே படத்தில் இல்லை. கூட்டத்தில் யாராவது நின்றிருப்பார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கில்ட் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டேன். 1746இல் கலோடன் போரில் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்றபின் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் அதைக் கட்டக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பிடிபட்டால் ஆறு மாதம் ஜெயில், மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது. அதற்கப்புறமும் விடாமல் சங்கம் வைத்து, கூட்டம் கூட்டி, உடுப்பையும் பைப் வாசிப்பையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பிடிவாதக்காரர்கள்தான். உனக்கு மட்டும் குறைச்சலா? தனியாக அபர்டீன் போய் வேலை வாங்கினாய், நம் சொந்தத்தில் எந்தப் பெண் செய்தாள்? அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? சரி, விடு.

டொனால்ட் டின்னி என்பவர் 1860இல் போட்டார்க் பாலத்தில் இரண்டு கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம். இரண்டும் சேர்ந்து 332 கிலோ. "நம்ம இளவட்டக்கல் மாதிரிதான், தூக்கினவனுக்குப் பெண்ணைக் கொடுத்திருப்பாங்க" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாலத்துக்கு உன் ஊரிலிருந்து காரில் போய்விடலாமாமே. யாராவது கூட்டிப்போனார்களா?

காதை மூடிக்கொள். ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அடுத்த வருஷமும் செப்டம்பர் முதல் சனிக்கிழமைதானே? அப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார். நானும் போட்டோ எடுத்துவிட்டேன்.

அம்மா